பிசினஸ் ஸ்கூல் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, எடைபோட்டு, வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். ஐம்பது, அறுபது பக்கம் வரும். அது செய்தியாகும்போது ஒரு வரியாகிவிடுகிறது. அலுவலகக் கூட்டத்தில் ஸ்லைடுக்கு வரும்போது ஒரே ஒரு எண்தான் மிஞ்சுகிறது. அந்த எண்ணை வைத்து ஆட்களை எடுக்கிறார்கள், விலை வைக்கிறார்கள், வேலை நேரத்தை மாற்றுகிறார்கள். மூலக் கட்டுரையைத் திறந்து படிக்கும் பழக்கம் இருந்தால் இவற்றில் பல தவறுகளைத் தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. எந்த வரிசையில் படிப்பது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது என்று தெரிந்தால் போதும்.

மேலாளர்கள், எம்.பி.ஏ. மாணவர்கள், வணிகச் செய்தி எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்கத்துக்கு ஒரு ஆய்வை முழுவதும் கூடவே எடுத்துச் செல்லப்போகிறேன். சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தின் கால் சென்டரில் நடந்த ஆய்வு அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ப்ளூம், அங்குள்ள பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஜான் ராபர்ட்ஸ் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை 2015-இல் வெளியானது. "வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தித்திறன் 13 சதவீதம் கூடும்" என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது பெரும்பாலும் இங்கிருந்து வந்ததுதான்.

படி 1: முதலில் உங்கள் கேள்வியை எழுதுங்கள்

கட்டுரையைத் தேடுவதற்கு முன்பு, உங்களுக்கு எது தெரிய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "வீட்டிலிருந்து வேலை நல்லதா?" என்பது கேள்வியாகாது. "வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் ஊழியர்களை வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டால், அழைப்பு எண்ணிக்கையும் ஆட்கள் விலகுவதும் எப்படி மாறும்?" என்று கேட்டால் அதற்குப் பதில் தேட முடியும். யார், என்ன மாற்றம், எதை அளக்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கேள்வி தெளிவில்லாமல் தேடப் போனால், ஏற்கெனவே நாம் நம்புவதை ஆதரிக்கும் கட்டுரைதான் கையில் சிக்கும்.

படி 2: கையில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள்

பிசினஸ் ஸ்கூலின் பெயர் அட்டையில் இருந்தாலே அது ஆய்வு என்று நினைத்துவிடுகிறோம். குறைந்தது நான்கு வகை எழுத்துகள் அங்கிருந்து வெளிவருகின்றன.

முதலாவது, ஆய்விதழ்க் கட்டுரை. அதே துறையின் மற்ற பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேர் ரெஃபரிகளாக இருந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, பல சுற்றுத் திருத்தங்களுக்குப் பிறகு வெளிவருவது. இரண்டாவது, ஒர்க்கிங் பேப்பர். அதே கட்டுரை அந்தச் சோதனையை முடிப்பதற்கு முன்பிருக்கும் வடிவம். மூன்றாவது, கேஸ் ஸ்டடி. வகுப்பில் விவாதிக்க எழுதப்படும் பாடம் இது. ஒரு நிறுவனத்தின் கதையை வைத்து மாணவர்களை யோசிக்க வைப்பதுதான் அதன் வேலை, எதையும் நிரூபிப்பது அல்ல. கேஸ் ஸ்டடியைச் சான்றாகக் காட்டி ஒரு முடிவை நியாயப்படுத்துபவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். நான்காவது, மேலாளர்களுக்கான பத்திரிகைக் கட்டுரை. 1922-இல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதற்குப் பெயர்பெற்றது. அதில் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆசிரியர் குழுவினர்; ஆய்விதழ் போன்ற ரெஃபரி சோதனை கிடையாது. படிக்கச் சுகமாக இருக்கும். அதன் பின்னால் ஒரு ஆய்விதழ்க் கட்டுரை இருந்தால், அதைத் தேடிப் போவதுதான் உங்கள் அடுத்த வேலை.

ஆய்விதழ்க் கட்டுரைகள் ஏன் இவ்வளவு கரடுமுரடாக இருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னெகி நிறுவனமும் அமெரிக்க வணிகக் கல்வியைப் பற்றித் தனித்தனியே அறிக்கை வெளியிட்டன. பிசினஸ் ஸ்கூல்களில் ஆய்வுத் தரம் போதாது என்று இரண்டுமே கடுமையாகச் சொல்லின. அதற்குப் பிறகு பொருளாதாரம், உளவியல், கணிதம் படித்தவர்களைப் பிசினஸ் ஸ்கூல்கள் அதிக அளவில் வேலைக்கு எடுத்தன. ஆய்வின் தரம் உயர்ந்தது. கூடவே, பேராசிரியர்கள் சக பேராசிரியர்களுக்காக எழுதும் வழக்கமும் வேரூன்றியது. ஆகவே படிக்கும்போது புரியவில்லையென்றால் உங்கள் அறிவில் குறை இருப்பதாக எண்ண வேண்டாம்.

படி 3: தேடுங்கள், இலவசப் பிரதியைக் கண்டுபிடியுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அதன் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கான இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, கடைசி நான்கைந்து ஆண்டுகளில் வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பிறகு வந்தவர்கள் அந்த முடிவை உறுதிப்படுத்தினார்களா, மறுத்தார்களா என்பது அங்கேதான் தெரியவரும்.

ஆய்விதழின் தளத்தில் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். நிதி, கணக்கியல், மேலாண்மைக் கட்டுரைகளின் முந்தைய வடிவங்கள் பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 1994-இல் தொடங்கிய இந்தத் தளம் 2016 முதல் எல்சேவியர் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. பேராசிரியரின் சொந்தப் பக்கத்திலும் பிரதி இருக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ஒர்க்கிங் பேப்பரில் இருந்த எண், அச்சான கட்டுரையில் மாறியிருக்கக்கூடும். எந்தத் தேதியிட்ட பிரதியைப் படித்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

படி 4: ஆய்விதழின் தரவரிசையை அளவோடு நம்புங்கள்

ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் பிசினஸ் ஸ்கூல்களை வரிசைப்படுத்தும்போது 50 ஆய்விதழ்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம் 24 இதழ்களைக் கொண்ட பட்டியல் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்கள் கவுன்சில் இதழ்களை ஏ-ஸ்டார், ஏ, பி, சி என்று பிரிக்கிறது. பேராசிரியர்களுக்கு வேலை, பதவி உயர்வு எல்லாம் இந்தப் பட்டியல்களைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

உங்களுக்கு இவை எவ்வளவு உதவும்? கட்டுரை கடுமையான ரெஃபரிகளைத் தாண்டி வந்திருக்கிறது என்று தெரியும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களை ஒதுக்கிவிடலாம். அதற்கு மேல் இல்லை. முதல் தர இதழில் வந்த கட்டுரையும் தவறாக இருக்கலாம். அதற்கு உதாரணம் கீழே வருகிறது.

படி 5: முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள்

முன்னுரை என்பது ஆசிரியர் உங்களைச் சம்மதிக்க வைக்க எழுதும் பகுதி. அதை முதலில் படித்தால், பிறகு வரும் அட்டவணைகளை அவர் கண் வழியாகவே பார்ப்பீர்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் சுருக்கம். அப்புறம் நேராகத் தரவு பற்றிய பகுதிக்குப் போங்கள். எங்கே, எப்போது, யாரிடமிருந்து, எத்தனை பேர்? அதன்பின் சராசரிகளைக் காட்டும் முதல் அட்டவணை. அடுத்து முக்கிய முடிவுள்ள அட்டவணை. பிறகு கடைசியில் இருக்கும் குறைகள் பற்றிய பத்தி. முன்னுரையும் கோட்பாடும் இவற்றுக்கெல்லாம் பிறகு.

சிட்ரிப் கட்டுரையை இப்படித் திறந்தால் என்ன தெரிகிறது? ஷாங்காய் நகரில் விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவுப் பிரிவுகளில் இருந்த 996 ஊழியர்களிடம், வீட்டிலிருந்து வேலை செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். 503 பேர் முன்வந்தார்கள். குறைந்தது ஆறு மாதப் பணி அனுபவம், வீட்டில் பிராட்பேண்ட், வேலை செய்யத் தனி அறை என்ற நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்கள் 249 பேர். தேர்வானவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டில், ஒரு நாள் அலுவலகத்தில். ஒன்பது மாதம் நடந்தது.

இந்த ஒரு பத்தியிலேயே அந்த 13 சதவீதத்துக்கு எத்தனை வேலிகள் இருக்கின்றன பாருங்கள். பாதிப் பேர் விருப்பமே காட்டவில்லை. தனி அறை இல்லாதவர்கள் உள்ளேயே வரவில்லை. வேலையோ, அழைப்பு அழைப்பாக எண்ணிவிடக்கூடியது. ஸ்லைடில் இருந்த எண்ணில் இவை எதுவும் இல்லை.

படி 6: யாரோடு ஒப்பிட்டார்கள்?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

நன்றாக நடக்கும் நிறுவனங்களில் நல்ல நிர்வாக முறைகள் இருக்கின்றன என்று ஒரு கட்டுரை காட்டுகிறது என்று வையுங்கள். அந்த முறைகள்தான் லாபத்தைக் கொண்டுவந்தனவா? லாபம் இருந்ததால் நல்ல மேலாளர்களை வேலைக்கு வைக்க முடிந்ததா? இல்லை, திறமையான முதலாளி ஒருவர் இரண்டுக்குமே காரணமா? நிறுவனங்களை அப்படியே அளந்து ஒப்பிட்டால் இந்த மூன்றையும் பிரித்தறிய வழியில்லை. பிசினஸ் ஸ்கூல் ஆய்வுகளில் மிகப் பெரும் சிக்கல் இதுதான். நிறுவனங்கள் எதையும் குருட்டாம்போக்கில் செய்வதில்லை; காரணத்தோடுதான் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தக் காரணமே முடிவையும் பாதிக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க ப்ளூமும் ராபர்ட்ஸும் வேறு சிலரும் சேர்ந்து மும்பையைச் சுற்றியிருந்த நெசவு ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். மொத்தம் 17 நிறுவனங்கள். குலுக்கல் முறையில் சில ஆலைகளுக்கு மட்டும், பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றின் உதவியைப் பல மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சரக்கிருப்பைப் பதிவு செய்வது, தறிகளை முறையாகப் பராமரிப்பது, குறைபாடுகளைக் குறித்து வைப்பது போன்ற அடிப்படை விஷயங்கள்தான். ஒப்பீட்டுக்கு வைத்த ஆலைகளோடு பார்க்கும்போது, உதவி பெற்ற ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. யாருக்கு உதவி என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், "நல்ல முதலாளி" என்ற விளக்கத்துக்கு இடமில்லாமல் போனது.

சிட்ரிப்பிலும் இதே உத்திதான். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்த 249 பேரில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். எவ்வளவு எளிமை! சோம்பேறியா சுறுசுறுப்பானவரா என்பதற்கும் பிறந்த தேதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எல்லா இடத்திலும் குலுக்கல் போட முடியாது. அப்போது வேறு வழிகளைப் பார்ப்பார்கள். ஒரு சட்டம் ஒரு மாநிலத்தில் வந்து பக்கத்து மாநிலத்தில் வராமல் இருந்தால், இரண்டிலும் முன்பும் பின்பும் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்பிடுவது ஒன்று. மதிப்பெண் எல்லைக்குச் சற்று மேலேயும் கீழேயும் இருப்பவர்களை ஒப்பிடுவது இன்னொன்று. சூத்திரம் புரியாவிட்டால் பரவாயில்லை. "மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதற்கு எதை நிழலாக வைத்திருக்கிறார்கள்?" என்று தேடுங்கள். அதற்குப் பதில் கட்டுரையில் இல்லையென்றால், தொடர்பு இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுங்கள்.

படி 7: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

13 சதவீதம் எங்கிருந்து வந்தது? அதில் ஏறக்குறைய 9 சதவீதம், ஒரு ஷிஃப்டில் அதிக நிமிடங்கள் வேலை பார்த்ததால் வந்தது. இடைவேளையும் விடுப்பும் குறைந்தன. மீதி 4 சதவீதம்தான் ஒரு நிமிடத்தில் எடுத்த அழைப்புகள் கூடியதால் வந்தது. வீட்டில் ஆட்கள் வேகமானார்கள் என்பதைவிட, அதிக நேரம் உட்கார்ந்தார்கள் என்பதுதான் பெரிய பகுதி. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. ஆனால் வேலைத்திறனோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்து விருப்பப்படி தேர்ந்தெடுக்கவிட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் இடம் மாறினார்கள். அவரவருக்குப் பொருந்தும் இடத்தில் வேலை செய்ததில் ஆதாயம் 22 சதவீதமாக உயர்ந்தது. என்னைக் கேட்டால், மேலாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய எண் 22-தான். விருப்பத்தைக் கேட்டதற்கான பலன் அதில்தான் தெரிகிறது.

அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். பி-வேல்யூ 0.05-க்குக் கீழே என்பதைப் பெரும்பாலும் அவை குறிக்கும். உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தென்பட 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்று பொருள். விளைவு பெரியது என்று அதற்கு அர்த்தமில்லை. பல லட்சம் பரிவர்த்தனைகளை எடுத்து ஆராய்ந்தால், ஒன்றுக்கும் உதவாத சிறு வித்தியாசத்துக்கும் நட்சத்திரம் கிடைக்கும். ஆகவே நட்சத்திரத்தைப் பார்த்த கையோடு, அந்த எண்ணை ரூபாயாக, மணி நேரமாக, ஆட்களாக மாற்றிப் பாருங்கள்.

நட்சத்திரம் எவ்வளவு எளிதாக வந்துவிடும் என்பதை ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் ஆகிய மூவரும் 2011-இல் காட்டினார்கள். மூவரும் பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள். எதை அளப்பது, எப்போது தரவு சேகரிப்பை நிறுத்துவது, எந்தக் காரணியைச் சேர்ப்பது என்று வழக்கமாக ஆய்வாளர்களுக்கு இருக்கும் சுதந்திரத்தை முழுவதும் பயன்படுத்தினார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்ற "முடிவு" வந்தது, நட்சத்திரத்தோடு! அதிலிருந்துதான், என்ன செய்யப்போகிறோம் என்று தரவைத் தொடும் முன்பே பதிவு செய்துவிடும் வழக்கம் வலுப்பெற்றது. கட்டுரையில் அப்படி முன்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: கருத்துக்கணிப்பு என்றால் ஒரு சந்தேகம்

ஒரே ஊழியரிடம் ஒரே படிவத்தில் "உங்கள் தலைவர் நல்லவரா?" என்றும் "உங்கள் வேலை பிடித்திருக்கிறதா?" என்றும் கேட்டால், இரண்டு பதிலும் அன்றைய மனநிலையைப் பொறுத்துச் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். காரணம் ஒரு நபரிடமிருந்தும், விளைவு வேறொருவரிடமிருந்தோ கணினிப் பதிவிலிருந்தோ வந்திருந்தால் மதிப்புக் கூடும்.

படி 9: ஒற்றைக் கட்டுரையை நம்பி இறங்காதீர்கள்

சந்தைப்படுத்தல் வகுப்புகளில் மிகவும் புகழ்பெற்ற ஜாம் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்டது. கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது, கடந்து போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள்; 6 வகை வைத்தபோது 40 சதவீதம் பேர். ஆனால் நின்றவர்களில் வாங்கியது 24 வகையில் 3 சதவீதம், 6 வகையில் 30 சதவீதம். அதாவது நான்கு பேருக்கு எதிராக முப்பத்தொரு பேர். இதைக் கேட்டதும் கடையில் உள்ள பொருள் வகைகளைக் குறைக்கக் கை பரபரக்கும்.

2010-இல் இது போன்ற 50 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தது. சிலவற்றில் தேர்வுகள் அதிகமானது கெடுதல், சிலவற்றில் நன்மை. 2015-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு எப்போது கெடுதல் என்று பிரித்துக் காட்டியது. பொருட்களை ஒப்பிடுவது சிக்கலாக இருக்கும்போது, வாங்குபவருக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாதபோது தொல்லை வருகிறது. தொகுப்பாய்வு கிடைத்தால் முதலில் அதைப் படியுங்கள். ஒரு சோதனை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அது ஒரு சோதனைதான்.

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதைவிட மேலேயே வாங்கினால் மக்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று 2012-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்களும் இருந்தார்கள். 2020-இல் அதே ஆசிரியர்கள் மறுபடி செய்து பார்த்து, விளைவு வரவில்லை என்று எழுதினார்கள். 2021-இல், படி 7-இல் சொன்ன சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரின் டேட்டா கொலாடா தளம், அதிலிருந்த கார் காப்பீட்டுத் தரவைப் பிரித்து மேய்ந்தது. கார்கள் ஓடிய தூரம் 0 முதல் 50,000 மைல் வரை எல்லா அளவிலும் ஏறத்தாழ சமமாகப் பரவியிருந்தது. 50,000-ஐத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. நிஜ வாழ்க்கையில் யாரும் அப்படிக் கார் ஓட்டுவதில்லை. தரவு புனையப்பட்டது என்று தெரிந்து, அந்த ஆண்டே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆகவே எதையும் மேற்கோள் காட்டும் முன், ஆய்விதழின் பக்கத்திலும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

தரவும் கணினி நிரலும் பொதுவில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழ் 2019-இல் அவற்றைக் கட்டாயமாக்கியது. பிறகு அந்த இதழின் ஏறக்குறைய 500 கட்டுரைகளைச் சோதித்தபோது, புதிய விதிக்குப் பின் வந்தவற்றில், தரவு கைக்குக் கிடைத்த கட்டுரைகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அதே முடிவை மீண்டும் பெற முடிந்தது. தரவு கிடைக்காதவற்றையும் சேர்த்தால் அது 68 சதவீதமாக இறங்கியது.

படி 10: பணம் யாருடையது, தரவு யாருடையது?

நன்றி சொல்லும் அடிக்குறிப்பைத் தவறாமல் படியுங்கள். சிட்ரிப் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான ஜேம்ஸ் லியாங் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதனால் கட்டுரை கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இல்லாமல் அப்படி ஒரு சோதனை நடந்திருக்கவே முடியாது. குழு பிரித்தது பிறந்த தேதி, அழைப்பை எண்ணியது கணினி. ஆனாலும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டிய செய்தி அது.

படி 11: உங்கள் இடத்தில் சின்னதாகச் சோதியுங்கள்

கட்டுரையில் இருந்தவர்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும் உள்ள வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதுங்கள். சிட்ரிப் குழுவே பிறகு இதைச் செய்தது. மார்க்கெட்டிங், நிதி, மென்பொருள் போன்ற பட்டதாரி வேலைகளில் இருந்த 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்று புதிய சோதனை நடத்தி 2024-இல் வெளியிட்டார்கள். இந்த முறை வேலைத்திறனில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விலகல் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆள் மாறினால், வேலை மாறினால், நாட்களின் எண்ணிக்கை மாறினால் விடையும் மாறுகிறது.

ஆகவே முழு நிறுவனத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். விருப்பமுள்ளவர்களைக் கேளுங்கள், பாதிப் பேருக்கு முதலில், மீதிப் பேருக்கு மூன்று மாதம் கழித்து என்று குலுக்கல் போட்டுப் பிரியுங்கள். எதை அளக்கப்போகிறீர்கள், எந்த எண் வந்தால் தொடர்வீர்கள், எது வந்தால் நிறுத்துவீர்கள் என்று தொடங்கும் முன்பே எழுதி, கையெழுத்திட்டு வையுங்கள். இருபது முப்பது பேர்தான் என்றால் சிறிய விளைவு கண்ணில் படாது. அதையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள்.

எங்காவது சிக்கிக்கொண்டால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவரி முதல் பக்கத்தில் இருக்கும். எந்த அட்டவணை, எந்த வரிசை என்று குறிப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள். உங்கள் நிறுவனத்தில் எதைச் சோதிக்கப்போகிறீர்கள் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். தரவு தரக்கூடிய நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்கள் ஏராளம். அவரே உங்கள் சோதனையை வடிவமைத்துத் தர முன்வரவும் கூடும்.